எனக்கு எது எடுக்கும்?



சென்ற மாதம் வந்த கடிதங்களில் ஒன்றை மட்டும் நான் மற்றவற்றோடு சேர்த்துக் கட்டி வைக்கவில்லை. கைப்பையிலேயே வைத்துக்கொண்டு மூன்று முறை படித்துவிட்டேன். பேராக் மாநிலத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். இருபத்திரண்டு ஆண்டுகள் தோட்டத்தில் பாடுபட்டவர். முதலில் பால்மரம் வெட்டினார். அந்த மரங்களை அழித்துச் செம்பனை போட்ட பிறகு, உதிரிப் பழம் பொறுக்கினார். இப்போது டவுனில் மலிவு விலை அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கிறார். அவர் எழுதியதைச் சுருக்கித் தருகிறேன்.

“அக்கா, என் மகன் பட்டம் வாங்கப் போகிறான். எங்கள் இரண்டு பக்கத்துக் குடும்பத்திலும் பல்கலைக்கழகம் போன முதல் பிள்ளை அவன்தான். இரண்டு பேருக்கு அழைப்பு வந்திருக்கிறது. ‘அப்பாவும் சித்தியும் போகட்டும், எனக்கு முட்டி வலி’ என்று சொல்லிவிட்டேன். முட்டி வலி பொய். எண்பது கிலோவுக்கு மேல் இருக்கிறேன். கையெல்லாம் முள் கிழித்த தழும்பு. வெயிலில் கறுத்துப்போய்விட்டேன். என்னிடம் இருப்பது கல்யாணத்துக்கு எடுத்த ஒரே பட்டுச்சேலை. அதன் ரவிக்கைக்குள் இப்போது என் கைகூட நுழையாது. அங்கே வருகிற தாய்மார்கள் டீச்சர், நர்ஸ் என்று இருப்பார்கள். என்னால் பிள்ளைக்குத் தலைகுனிவு வேண்டாம். இரவுச் சந்தையில் வயிற்றைக் குறைக்கும் பெல்ட் விற்கிறார்கள். அது நல்லதா? என் உடம்புக்கு எந்தச் சேலை எடுக்கும்?”

சேலைக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன் என் கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

என் தங்கையின் கல்யாணம் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் நடந்தது. அப்போது எனக்கு இரண்டாவது பிள்ளை பிறந்து ஐந்து மாதம். உடம்பு ஊதியிருந்தது. முதல் நாள் இரவு, வந்திருந்த பெரியம்மா ஒருத்தி எல்லார் முன்னாலும், “என்னடி, அடையாளமே தெரியல்லியே!” என்று சிரித்தாள். அவ்வளவுதான். மறுநாள் முழுக்க நான் சமையல் கொட்டகையை விட்டு நகரவில்லை. படம் எடுக்கக் கூப்பிட்டபோதெல்லாம் சாம்பார் அடிப்பிடிக்கும் என்றேன். இன்றைக்கும் அந்த ஆல்பத்தைத் திறந்தால் கிராணி வீட்டுப் பிள்ளைகள் வரைக்கும் இருக்கிறார்கள். கூடப்பிறந்த நான் இல்லை.

என் வெட்கத்தை யாரும் வெட்கம் என்று எடுத்துக்கொள்ளவில்லை என்பதுதான் இதில் வேதனை. பல ஆண்டுகள் கழித்து ஒரு தீபாவளியன்று தங்கை மெல்லக் கேட்டாள்: “அக்கா, அன்றைக்கு என்மேல் என்ன கோபம்?” சீர் செய்ததில் ஏதோ மனத்தாங்கல் என்று அத்தனை காலமும் அவள் நினைத்திருக்கிறாள். நான் மறைத்தது என் இடுப்பை. அவளுக்குத் தெரிந்ததோ அக்காவின் முகத்திருப்பல். கடிதம் எழுதிய சகோதரி இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். முட்டி வலி என்றதை மகன் நம்பியிருப்பான் என்று எண்ணாதீர்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம். குறையாகத் தோன்றும் உடம்பை வைத்துக்கொண்டு சபைக்கு ஏற்றபடி உடுத்துவது எப்படி?

இடைஞ்சல் சேலையில் இல்லை

ஐந்தரை மீட்டர் சேலைக்கு அளவு கிடையாது. பதினெட்டு வயதில் கட்டியதை ஐம்பது வயதிலும் கட்டலாம். பேத்தியும் கட்டலாம். நம்மை விட்டு விலகிப்போவது ரவிக்கைதான். அதனால் கையில் நூறு வெள்ளி இருந்தால் புதுச்சேலைக்குப் பறக்காமல், முதலில் நல்ல தையற்காரரிடம் போங்கள். மலிவான சேலையும் நன்றாகப் பொருந்திய ரவிக்கையோடு எடுப்பாக இருக்கும். ஆயிரம் வெள்ளிப் பட்டும், அக்குள் பிடிக்கிற ரவிக்கையோடு பரிதாபமாகிவிடும்.

அளவு கொடுக்கப் போகும்போது, விசேஷத்தன்று போடப் போகிற உள்ளாடையையே போட்டுக்கொண்டு போங்கள். பழைய ரவிக்கையை அளவுக்குக் கொடுத்துவிட்டு வருவது நம் பெண்களின் வழக்கம். உடம்பு மாறிவிட்டதென்றால் அது வீண். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டும் அளவு கொடுக்காதீர்கள். மண்டபத்தில் மூன்று மணி நேரம் யாராலும் மூச்சைப் பிடித்திருக்க முடியாது. உள்ளே இரு பக்கமும் ஓர் அங்குலம் தையல் விட்டுவைக்கச் சொல்லுங்கள். பின்னால் பிரித்துத் தளர்த்தலாம். உள் துணி பருத்தியாக இருக்கட்டும். அதை ஒரு முறை நனைத்துக் காயவைத்துக் கொடுத்தால் பிறகு சுருங்காது. பருத்தி வேர்வையை வாங்கிக்கொள்ளும். பட்டில் கறை படிவதும் குறையும்.

தைத்து வந்ததும் கண்ணாடி முன் நின்று பார்த்தால் மட்டும் போதாது. இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்குங்கள், குனியுங்கள், உட்காருங்கள். ரவிக்கை மேலே ஏறாமலும் கொக்கி இழுக்காமலும் இருந்தால் சரி. தீபாவளி நெருங்கினால் தையற்காரர்கள் கையில் மூச்சுவிட நேரமிராது. ஆகவே ஒரு மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள்.

கை பருமனாக இருக்கிறவர்கள், கையின் மிகப் பருத்த இடத்தில் முடிகிற குட்டைக் கையைத் தவிர்க்க வேண்டும். கண் நேரே அங்கேதான் போகும். முழங்கைக்குச் சற்று மேல் வரை, இறுக்காத கை வையுங்கள். தழும்பு இருக்கிறவர்கள் முழங்கைக்கும் கீழே இறக்கிக்கொள்ளலாம். புட்டா வைத்த கையும் கொசுவிய கையும் ஒல்லியானவர்களுக்கு ஏற்றவை.

பருத்த உடம்புக்கு

உடம்பை ஒட்டி வழிகிற துணியா, விறைத்து நிற்கிற துணியா என்பதைப் பாருங்கள். ஆர்கன்சா, டிஷ்யூ, கஞ்சி போட்ட பருத்தி ஆகியவை விறைத்து நின்று ஆளை இன்னும் அகலமாகக் காட்டும். மைசூர்ப் பட்டு, கிரேப், மென்பட்டு, நல்ல ஜார்ஜெட் ஆகியவை வழிந்து நிற்கும். ஆனால் மிக மெல்லிய வழவழப்பான சேலை ஒவ்வொரு மடிப்பையும் காட்டிக்கொடுத்துவிடும். நடுத்தர எடைதான் நல்லது. பளபளப்பு குறைந்தது, சின்னப் பூ, ஒடுங்கிய கரை, உடலும் கரையும் ஒரே குடும்ப நிறம் ஆகியவற்றைத் தேடுங்கள்.

உள்பாவாடை முக்கியம். இடுப்பில் கொசுவம் நிறைந்த பாவாடை இரண்டு அங்குலத்தைச் சும்மா கூட்டிவிடும். இடுப்பில் ஒட்டிக் கீழே விரிகிற வெட்டில் தைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய நாடாவை இறுக்கி முடிந்து முடிந்து இடுப்பில் கறுத்த தழும்பு விழுந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! சிலருக்கு அது ஆறாத புண்ணாகவும் ஆகிறது. நாடாவுக்குப் பதில் இரண்டு அங்குல அகலப் பட்டி வைக்கச் சொல்லுங்கள். ஆறாத புண் இருந்தால் கிளினிக்கில் காட்டுங்கள்.

செருப்பைப் போட்டுக்கொண்ட பிறகே சேலை கட்ட வேண்டும். தரையைத் தொட்டும் தொடாமலும் கரை நின்றால் ஆள் உயரமாகத் தெரிவார். கணுக்கால் தெரியத் தூக்கிக் கட்டினால் குள்ளமும் பருமனும் கூடும். கொசுவம் ஒடுக்கமாக ஐந்தாறு போதும். இடுப்புச் சுற்றளவு அதிகமாகிக் கொசுவத்துக்குத் துணி போதவில்லை என்றால், சேலையோடு வருகிற ரவிக்கைத் துண்டை வெட்டாமல் விட்டுவிட்டு வேறு துணியில் ரவிக்கை தையுங்கள். பழைய சேலையானால் உள்ளே செருகும் முனையில் அதே நிறப் பருத்தித் துணி ஒரு கெஜம் சேர்த்துத் தைத்துவிடலாம். யார் கண்ணுக்கும் தெரியாது.

மெலிந்த உடம்புக்கும் குள்ளத்துக்கும்

பருத்தவர்களுக்குத்தான் வருத்தம் என்று நினைக்க வேண்டாம். “காற்றடித்தால் பறந்துவிடுவாய்” என்ற கேலியைக் கேட்டுக் கேட்டுக் கூனிப்போன பெண்களை எனக்குத் தெரியும். உங்களுக்குத்தான் கடையில் பாதிச் சரக்கு சொந்தம். விறைப்பான பருத்தி, டிஷ்யூ, பெரிய கரைக் காஞ்சிபுரம் எல்லாம் எடுக்கும். எலும்பு தெரிகிற கழுத்துக்கு, மூடிய கழுத்தோ தோளோரம் வரை நேராகப் போகிற படகுக் கழுத்தோ வையுங்கள். முந்தானையை மடித்துக் குத்தாமல் ஒற்றையாக விடலாம்.

குள்ளமானவர்கள் ஒரு சாண் கரையைக் கண்டு மயங்க வேண்டாம். கரை பெரிதானால் ஆள் பாதியாகிவிடுவார். சேலை நிறத்திலேயே ரவிக்கை போட்டால், தலையிலிருந்து கால்வரை பார்வை தடையில்லாமல் ஓடும். வேறு நிற ரவிக்கை ஆளை இரண்டாக வெட்டிக் காட்டும்.

பால்வாளிகளைக் காண்டாவில் தூக்கித் தூக்கி, ஒரு தோள் சற்று இறங்கிப்போன பெரியவர்களும் இருக்கிறார்கள். இறங்கிய தோளின் உள்பக்கம் மெல்லிய பஞ்சுத் துண்டு ஒன்று வைத்துத் தைக்கச் சொன்னால், ரவிக்கை நேராக உட்காரும்.

நிறம் பற்றி ஒரு வார்த்தை

“கறுப்பாக இருக்கிறாய், வெளிர் நிறமாகப் பார்த்து எடு” என்று ஒரு சாஸ்திரத்தை நமக்கு யாரோ எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அரக்கு, மயில் கழுத்து, கடுகு மஞ்சள், கரும்பச்சை, நாவல் ஊதா எல்லாம் கறுத்த மேனியில்தான் உயிரோடு நிற்கும். சாம்பலும் மங்கிய பழுப்பும்தான் முகத்தைச் சோர்வாகக் காட்டும். கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவானாலும், கிள்ளான் தெங்கு கிளானா சாலையானாலும், சிங்கப்பூர் சிராங்கூன் சாலையானாலும், கடை விளக்கை நம்பாதீர்கள். சேலையை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் கன்னத்தோரம் வைத்துப் பாருங்கள். முகம் பளிச்சென்றால் அது உங்கள் நிறம்.

முகத்துக்கு வெள்ளைப் பவுடரை அப்பாதீர்கள். கேமரா வெளிச்சத்தில் முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறமாக விழும். ‘ஏழே நாளில் வெளுப்பு’ என்று விற்கும் பூச்சு அதைவிட மோசம். பாதரசமும் ஹைட்ரோகுவினோனும் கலந்த பூச்சுகளைப் பெயர் சொல்லி மலேசிய சுகாதார அமைச்சு பல முறை எச்சரித்திருக்கிறது. பாதரசம் தோல் வழியே இறங்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். முறையாக அறிவிக்கப்பட்ட பூச்சுக்கு ‘என்.ஓ.டி.’ என்று தொடங்கும் எண் உண்டு. எண் இல்லாத டப்பா எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

பெல்ட்டும் மெலிய வைக்கும் காப்பியும்

பெல்ட் கட்டியிருக்கும்வரை அழுத்தும், கழற்றினால் வயிறு பழையபடிதான். அதுவும் உட்கார்ந்தால் மேலே சுருண்டு ஏறும், மூச்சு முட்டும். வயிற்றில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் டாக்டரைக் கேட்காமல் கட்டவே கூடாது. அந்தக் காசை ரவிக்கைத் தையற்கூலிக்குக் கொடுங்கள்.

மெலிய வைக்கும் காப்பி, மாத்திரை என்று விற்பவை இன்னும் ஆபத்து. சிபுத்ராமின் என்ற மருந்து இருதயத்துக்குக் கேடு என்பதால் 2010ஆம் ஆண்டில் பல நாடுகளில் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. அதைத் திருட்டுத்தனமாகக் கலந்த காப்பிப் பொட்டலங்கள் அதற்குப் பிறகும் நம் நாட்டில் பிடிபட்டிருக்கின்றன. பதிவு பெற்ற மருந்துக்கு ‘எம்.ஏ.எல்.’ எண் இருக்கும். இரத்த அழுத்தமோ இனிப்புநீரோ இருப்பவர்கள் இந்தப் பொட்டலங்களின் பக்கமே போகக்கூடாது. உடம்பைக் குறைக்க வேண்டுமானால் சுகாதார கிளினிக்கில் கேட்டு, பொறுமையாகக் குறையுங்கள். அது விசேஷத்துக்கு முந்தின வாரத்தில் செய்கிற வேலையல்ல.

வீட்டு ஆண்களும் பிள்ளைகளும்

தொந்தி இருக்கிற ஆண்கள் சிலுவாரைத் தொந்திக்குக் கீழே இறக்கிப் போட்டு, சட்டையை இறுக்கிச் செருகுகிறார்கள். இடுப்பில் ஏற்றிப் போட்டால் பாதித் தொந்தி காணாமல் போகும். நம் நாட்டில் நீளக்கை பாத்தேக் சட்டை சபைக்குரிய உடைதான். அதைச் செருகவும் வேண்டாம். வேட்டி கட்டுகிறவர்களுக்கு நாலு முழம் சுற்றிப் போதாது, எட்டு முழம் எடுங்கள். கோட்டு வாங்கினால் தோள் தையல் தோள் எலும்பின் மேல் உட்காருகிறதா என்று மட்டும் பாருங்கள். கையின் நீளத்தையும் இடுப்பையும் தையற்காரர் திருத்திவிடுவார். தோள் தவறினால் திருத்துவது கடினம்.

நேர்முகத் தேர்வுக்குப் போகிற பெண் பிள்ளைகளுக்கு, பாஜு கூரோங் எந்த உடம்புக்கும் தாராளமாக இருக்கும். பஞ்சாபி சூட்டானால் கையும் கழுத்தும் மூடியதாக இருக்கட்டும். அக்காளுடையதை இரவல் வாங்கி, ஊக்கு குத்திக்கொண்டு போகாதீர்கள். கேள்வி கேட்கும்போது மனம் ஊக்கிலேயே இருக்கும். முதல் நாளே அந்த உடையில் நாற்காலியில் உட்கார்ந்து, எழுந்து, நடந்து பாருங்கள். தம்பியைக் கைப்பேசியில் பின்பக்கம் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். கண்ணாடி காட்டாததை அது காட்டும்.

பேராக் சகோதரிக்கு

இனி உங்களுக்கு மட்டும். அந்தக் கல்யாணப் பட்டை வெளியே எடுங்கள். வெளிச்சத்தில் பிடித்து, மடிப்பு ஓரங்களில் இழை விட்டிருக்கிறதா, ஜரிகை நொறுங்குகிறதா என்று பாருங்கள். நன்றாக இருந்தால் நிழலில் ஒரு நாள் காற்றாட விட்டு, பழைய மடிப்பை மாற்றி மடியுங்கள். வீட்டில் துவைக்க வேண்டாம். சலவைக் கடையில் கொடுங்கள். அதே கரையின் நிறத்தில் புதிய ரவிக்கை, முழங்கைக்குக் கீழே இறங்கிய கை, மூன்றரை அங்குலத்துக்கு மேல் போகாத முதுகு இறக்கம், அகலப் பட்டி வைத்த பாவாடை ஆகியவற்றைத் தைத்துக்கொள்ளுங்கள். சேலை இழை விட்டிருந்தால் கவலைப்படாதீர்கள். ஈப்போவில் கடைகளுக்குப் பஞ்சமில்லை. ஒடுங்கிய கரை போட்ட அரக்கு மென்பட்டு ஒன்று உங்களுக்கு எடுக்கும் என்பது என் எண்ணம்.

காலுக்குத் தட்டையான, மூடிய செருப்பு வாங்குங்கள். மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும்போது வாங்கினால்தான் அன்றைக்குக் கடிக்காது. பட்டமளிப்பு விழாக்களில் பெரும்பாலும் சிலிப்பரை விடமாட்டார்கள். குளிர்சாதன மண்டபத்தில் வெகுநேரம் உட்கார வேண்டும். ஆகையால் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்கிற மாதிரி ஒற்றையாக விடுங்கள். தோளில் ஊக்கு குத்துமுன் உள்ளே ஒரு பொத்தானைக் கோத்துக் குத்தினால் பட்டு கிழியாது.

கைத்தழும்பைப் பற்றி எழுதியிருந்தீர்கள். மறைக்க விரும்பினால் மறைத்துக்கொள்ளுங்கள், தவறில்லை. அதற்குத்தான் கைநீளம் சொன்னேன். ஆனால் அந்தத் தழும்பு எப்படி வந்தது என்று உங்கள் மகனுக்குத் தெரியும். பால் கறை போகாத சட்டையோடு நீங்கள் பிரட்டுக்குப் போனதைப் பார்த்து வளர்ந்தவன். உங்களைப் பார்த்து டீச்சரம்மா என்று நாலு பேர் நினைக்க வேண்டும் என்று அவன் ஆசைப்பட்டிருந்தால், முதல் அழைப்பை உங்களிடம் நீட்டியிருக்க மாட்டான்.

சித்தியிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். சேலை கட்டிவிட உங்களுக்கு ஓர் ஆள் வேண்டுமே, அதற்கு அவரைக் கூப்பிடுங்கள். மகனிடமும் உண்மையைச் சொல்லுங்கள். முட்டி வலி இல்லை, உடுத்த எதுவும் பொருந்தவில்லை என்று வெட்கப்பட்டேன் என்று ஒரே வரியில் சொன்னால் போதும். அந்த ஒரு வரியைத் தங்கையிடம் சொல்ல எனக்குப் பதினாறு ஆண்டுகள் பிடித்தன.

படம் எடுக்கும்போது யாருக்குப் பின்னாலும் போய் நிற்காதீர்கள். சற்றே பக்கவாட்டில் திரும்பி, தோளை நிமிர்த்தி, மகனுக்குப் பக்கத்தில் நில்லுங்கள். ஒரு பிரதியை எனக்கு அனுப்பினால் சந்தோஷப்படுவேன். பிரசுரிக்க மாட்டேன், என்னிடமே வைத்துக்கொள்வேன்.

மற்றச் சகோதரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த விசேஷத்தில் நெடுநாள் காணாத உறவுக்காரப் பெண்ணைப் பார்த்தால், “ஊதிட்டியே”, “இளைச்சிட்டியே”, “கறுத்துட்டியே” என்று தொடங்காதீர்கள். சாப்பிட்டாயா என்று கேளுங்கள். பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேளுங்கள். யார் கண்டது, அவள் சமையல் கொட்டகைக்குப் போகாமல் உங்கள் பக்கத்திலேயே வந்து உட்காரக்கூடும்.

அடுத்த இதழில், பழைய பட்டுச்சேலைகளைப் பூச்சி அரிக்காமல் எடுத்து வைப்பது பற்றிப் பேசுவோம். அது பற்றி உங்களுக்குத் தெரிந்த வழிகளை எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா